மாலை வரை காக்கவைத்த ஆமைக்குஞ்சுகள்

மராத்தி நன்றாகப் பேசுவேன் என்பதற்காகத்தான் என்னை அந்தப் பயணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தாராவியில் ஏழாம் வகுப்பு வரை நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். ஆனால் எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் கொங்கணத்துக்காரர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு குழாயடியில் சண்டை போட்டே எனக்கு வந்த மொழி மராத்தி. எழுதினால் பிழை பிழையாக வரும். பேசினால் ஒருவரும் என்னைத் தமிழ்ப் பெண் என்று சொல்ல மாட்டார்கள்.

கல்லூரியில் ‘சர்வீஸ் லேர்னிங்’ என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். வெளியே போய் ஏதாவது பொதுக்காரியம் செய்துவிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்தால் கிரெடிட் கிடைக்கும். அந்த வருஷம் ஒரு தனியார் பயண நிறுவனம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது. ரத்னகிரிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் மூன்று நாள். கடலாமைப் பாதுகாப்பு, அலையாத்திக் கன்று நடுதல், கயாக், ஸ்நார்கெலிங். நோட்டீஸில் ஆமைக்குஞ்சுக்கும் தென்னைமரத்துக்கும் நடுவே லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பேராசிரியர் மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற பாலக்காட்டுக் குடும்பத்துக்காரர். என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். “நோக்கு மராட்டி நன்னா வருமாமே? அவாளுக்கு ஊர்க்காராளோட பேச ஒருத்தர் வேணுமாம். நீ ஒண்ணும் கட்ட வேண்டாம், சும்மா போயிட்டு வா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் பார்த்த கடல் தாதர் கடலும் மாஹிம் கழிமுகமும்தான்.

அம்மாவுக்கு சயானில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தவளிடம் சொன்னேன். “ஆமையப் பாத்துட்டு வந்தா காலேசுல மார்க்கு போடுவாவளா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. நான்தான் பெரிதாக விளக்கம் கொடுத்தேன், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று. அதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

முப்பது பேர் பஸ்ஸில் போனோம். எனக்குப் பக்கத்தில் செம்பூரிலிருந்து வரும் என் தோழி உட்கார்ந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எங்களை நடத்திச் சென்றவள் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர், டெல்லிப் பக்கத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தாள். பஸ் ஏறியதும் என்னிடம், நீதான் எனக்குக் கை மாதிரி, ஹிந்தியில் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றாள்.

முதல் நாள் கழிமுகத்தில் இறங்கி அலையாத்திக் கன்று நட்டோம். முழங்கால் வரை சேறு. எங்களுக்குக் கன்று எடுத்துக் கொடுத்த ஊர்ப் பெண்ணிடம், போன தடவை நட்டதெல்லாம் எங்கே என்று கேட்டேன். நீ நிற்கிற இடத்தில்தான், என்றாள். கடல் ஏறும்போது அலை வந்து கொண்டுபோய்விடுமாம். பஸ் வந்து நிற்க வசதியான கரை அது ஒன்றுதான் என்பதால் வருகிற எல்லோரும் அங்கேயே நடுகிறார்களாம். இதை ஒருங்கிணைப்பாளரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்தாள். முக்கியம் அந்த அனுபவம்தான் என்றாள். நானும் கூடவே சிரித்து வைத்தேன்.

மறுநாள் விடியற்காலை கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். மணலில் வலை கட்டி மறைத்த ஓர் இடம். கரையில் ஆமைகள் இட்டுப்போன முட்டைகளை நாயும் நரியும் தின்றுவிடாமல் எடுத்துவந்து அங்கே குழி தோண்டிப் புதைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு மூங்கில் கூடை கவிழ்த்திருந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊர்க் கமிட்டி ஒருவரை வைத்திருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான மீனவர். மராத்தியில் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைக் காகா என்று கூப்பிட்டேன். இரண்டு மாதமாகக் குழிகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தவர் அவர்.

ஒரு கூடையை அவர் தூக்கினார். உள்ளே மணல் குழிந்திருந்தது. அதிலிருந்து கறுப்பாக, கட்டைவிரல் நீளத்தில், குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தன. துடுப்பு மாதிரியான கைகளை அடித்து அடித்து வந்தன. முட்டியிட்டு உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன்.

காகா அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு கடலை நோக்கித் திரும்பினார். அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தாள். இப்போது விடக்கூடாது, கயாக் படகுகள் எட்டு மணிக்குத் தயார், பாதிப் பேர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, மாலை வெளிச்சத்தில் எல்லோரும் சேர்ந்து விடுவதாகத்தான் திட்டம், ட்ரோன் வருகிறது, அவரிடம் சொல் என்றாள்.

சொன்னேன். காகா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். இதுகளுக்கு வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது, அந்த பலத்தில் ஒரே ஓட்டமாக ஆழத்துக்குப் போய்விடும், மாலை வரை தொட்டியில் போட்டு அந்த பலத்தை அங்கேயே அடித்துத் தீர்த்துவிட்டால் கடலுக்குப் போய் என்ன செய்யும், என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். விலங்கியல் படிக்கிறவள் நான். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். போன குழுவுக்கும் மாலை வரை வைத்திருந்தோம், ஒன்றும் ஆகவில்லை, கமிட்டியோடு பேசி முடித்ததுதான், என்று அவள் சொன்னாள். அதையும் சொன்னேன்.

அவர் அசையவில்லை. கூடையைப் பிடித்தபடி நின்றார். அப்போது அவள் சொல்லாத ஒன்றை நானாகச் சேர்த்துச் சொன்னேன். “காகா, இன்னிக்கு ஒருநாள்தானே. எங்களுக்காக வைங்க. இந்தப் பிள்ளைங்க ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்காங்க.” எதிர்வீட்டு அக்காவை ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவேன், அவளிடம் கொத்தமல்லி கேட்பேனே, அந்தக் குரலில், அந்த மராத்தியில் சொன்னேன். அவர் திரும்பி வலைக்குள் போனார். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஈர மணலைப் போட்டு, குஞ்சுகளை இறக்கி, மேலே நனைத்த சாக்கைப் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு நான் கயாக் ஓட்டப் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை. சந்தோஷமாக இருந்தேன். தண்ணீருக்குள் முகத்தை அமுக்கி, கண்ணாடி வழியாக மீன்களைப் பார்த்து, மூச்சு வாங்கிச் சிரித்தேன். மதியம் ஒருவனுடைய போன் தண்ணீரில் விழுந்து, அதைத் தேடுகிறோம் என்று ஒன்றரை மணி நேரம் போனது. சாப்பாடு தள்ளிப்போனது. கரைக்கு வந்து சேரும்போது சூரியன் கடலைத் தொடுகிற நேரம்.

காகா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாக்கை விலக்கினேன். நாலைந்து குஞ்சுகள் இன்னமும் தொட்டியின் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. பாக்கி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தன. அவருக்குப் பின்னால் வேறொரு சிறிய கூடை இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு போட்டிருந்தார். அதை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது. எண்ணினேன்.

மாணவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளர் நினைத்தாள் போல. அந்தக் கூடையை வலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்லிக் கையால் காட்டினாள். என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

ஆளுக்கொரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தார்கள், என்னையும் சேர்த்து. ட்ரோன் தலைக்கு மேல் இரைந்தது. மணலில் விட்டபோது சில நகர்ந்தன. சில நகரவில்லை, அவற்றை ஒருவன் செருப்புக் காலால் லேசாகத் தள்ளிவிட்டான். முதல் அலையே பாதியைத் திருப்பிக் கரையில் போட்டது. காகங்கள் அதற்காகவே காத்திருந்தன. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு வார்த்தை சொல்லச் சொன்னாள், மனதில் தோன்றுவதை. நன்றி என்றார்கள், பாக்கியம் என்றார்கள், இயற்கை என்றார்கள். என் முறை வந்தது. நான் ஹிந்தியில், “உன்னீஸ்” என்றேன். பத்தொன்பது. அவள் அழகு என்று சொல்லி அடுத்தவனிடம் போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். உண்மையாகவே அழுதாள். பன்வேல் தாண்டும்போது பார்த்தால், உள்ளங்கையில் குஞ்சை வைத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். கேட்டதற்கு, “டென்ஷன் எடுக்காதேடி, நான் விட்டது உயிரோடதானே போச்சு” என்றாள். வீடு வரும்வரை நான் அவளிடம் பேசவில்லை.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பேராசிரியர் கூப்பிட்டார். என் தாள்களை மேஜையில் வைத்து விரலால் தட்டினார். இப்படி எழுதினால் அடுத்த வருஷம் யாரும் போக முடியாது, நிறுவனத்தோடு கல்லூரிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, ‘சில குஞ்சுகள் இறந்தது கவனிக்கப்பட்டது’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். கவனிக்கப்பட்டதாம். யார் கவனித்தது, யார் கொன்றது என்று ஒன்றுமில்லாத அந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு எளிதாகச் செய்தார்.

“சார், அந்த ஆள் விடத்தான் போனார். நான்தான் பேசித் தடுத்தேன். என் வாயாலதான் சார்.”

“நீ வெறுமனே டிரான்ஸ்லேட் பண்ணினே. உன்மேல ஒரு தப்பும் இல்லே. மனசைப் போட்டு குழப்பிக்காதே.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் நகத்தளவு பொருள்கூட இல்லை, ஒரு குழாய், ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வரும் என்று அவர் சொல்வதாகப் பட்டது. மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாஸ் மார்க் மட்டும் போட்டார்கள்.

வீட்டில் நான் கத்திக்கொண்டே இருந்தேன். கம்பெனியை, பேராசிரியரை, தோழியை. அம்மா இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, “இம்புட்டு பேரையும் ஏசுத. அந்த மனுசன்ட்ட பேசுனியாட்டி?” என்றாள்.

பேசியிருக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

பயணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் காகாவின் எண் இருந்தது. அழைத்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்டார். நிறையப் பேர் வருகிறார்கள், நினைவில்லை என்றார். எங்களுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடம் வந்ததாம். அன்றும் மாலை வரை வைத்திருக்கச் சொன்னார்களாம். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “நீ படிச்ச பொண்ணு. வனத்துறைக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடு. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

பிழையும் அடித்தலுமாக மராத்தியில் எழுதினேன். எதிர்வீட்டுத் தாயி திருத்தினாள். அவரும் ஊரில் இன்னும் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் வனத்துறைக்காரர் வந்து, குஞ்சு வெளிவந்தவுடன் விட்டுவிட வேண்டும், யாருக்காகவும் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிப்போனதாகக் காகா போன் செய்தார். அவர் குரலில் பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை. வேலை முடிந்தது என்று சொல்கிற குரல்.

அந்த நிறுவனம் அந்த ஊரை விட்டுவிட்டது. அடுத்த வருஷம் கல்லூரிப் பலகையில் புது நோட்டீஸ்: பவளப்பாறை நடுதல், கூடவே ஸ்கூபா.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் ஆண்டில் கல்லூரியின் தரத்தைப் பார்த்து கிரேடு கொடுக்க வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, வாயெல்லாம் சிரிப்பாக, “உன் லெட்டரால ஒரு மாற்றமே வந்துடுத்து. நம்ம ஃபைல்ல சேர்த்திருக்கோம். வந்து ரெண்டு வார்த்தை பேசணும் நீ” என்றார். என் கடிதத்தின் நகல் எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது. கல்லூரியின் சாதனை என்ற தலைப்பில், பளபளக்கிற உறைக்குள், அதற்கு முன்பக்கத்தில் நான் ஆமைக்குஞ்சோடு நிற்கிற படம்.

அப்படியென்றால் என் அறிக்கையையும் வையுங்கள் சார் என்றேன். அதெல்லாம் எங்கே இருக்கிறதோ என்றார். என் போனில் இருந்தது. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி எடுத்தேன். மதியச் சாப்பாட்டின்போது, குழுவில் வந்த மூன்று பேருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் இலைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் மடித்துப் பைக்குள் வைத்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் ரசம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு, “இந்தத் தொட்டியில வைக்கச் சொன்னது யாரு?” என்று என்னிடம் கேட்டார்.

“கம்பெனிக்காரங்க சொன்னாங்க. காகா கேக்கல. நான் கேட்டுக்கிட்டேன், வெச்சார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். அதற்குள் பேராசிரியர் வந்து, பாயசம் ஆறிப்போகும் என்று சொல்லி அவரை எழுப்பிக்கொண்டு போனார். கல்லூரிக்கு நல்ல கிரேடுதான் கிடைத்தது.