கூட்டம் கலைந்தால் வாடும் மீன்கள்

கறிமீன் விற்பவர் மீனை விற்றதும் மறந்துவிடலாம். வண்ணமீன் விற்பவள் அது செத்தால் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணாடித் தொட்டி வைத்து அவதிப்பட்ட அத்தனை பேருக்கும் இது புரியும். எண்பதுகளில் விழுப்புரத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தேன். என் செல்லச் சரக்கு நியான் டெட்ரா. விரல்கணு அளவுதான் இருக்கும். உடம்பில் மின்னும் நீலக்கோடு, வால்பக்கம் சிவப்பு.

ஒண்ணே ஒண்ணு

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த திண்டிவனத்துக்காரர் ஒருவர் வந்தார். எல்லா ஜாதியிலும் ஒவ்வொரு மீன் வேண்டும் என்றார். "டெட்ராவைத் தனியா விட்டா பயந்து சாகும். கூட்டமா வாங்குங்க, இல்லேன்னா வேணாம்" என்றேன். யாவாரத் தந்திரம் என்று நினைத்துச் சிரித்தார். அடம்பிடித்து ஒன்றை மட்டும் வாங்கிப் போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். அந்த மீன் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரைக்குக்கூட வெளியே வரவில்லையாம். ஒரு கூட்டத்தையே பையில் பிடித்துக் கொடுத்தேன். பையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "கூட்டுக் குடும்பத்துல பொறந்த மீனுன்னு மொதல்லியே சொல்லக் கூடாதாம்மா?"

ஆஸ்பத்திரித் தொட்டி

ஊரில் ஒரு டாக்டர், நோயாளிகள் உட்காரும் அறையில் என்னை அழைத்து ஒரு டெட்ராக் கூட்டத்தோடு தொட்டி அமைத்திருந்தார். என்னைக் கேட்காமலே, அழகாக இருக்கிறதென்று வளர்ந்த ஏஞ்சல் மீன் ஜோடியை அதில் விட்டுவிட்டார். டெட்ராக்கள் குறைந்துகொண்டே வந்தன. தண்ணீர் சரியில்லை என்று டாக்டர் என்மேல் பாய்ந்தார்.

"தண்ணியில ஒண்ணுமில்ல சார், வயித்துல பாருங்க" என்று ஏஞ்சலைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டெட்ராவின் வால் ஏஞ்சலின் வாய்க்குள் மறைந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா சொன்னார்: "இதுக்குப் போயி தேவதைன்னு பேரு வெச்சவன், அது சோறு துன்றத பாக்கல போலக்கீது."

வரிசை

பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர் கடைத் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். டெட்ராக் கூட்டம் ஒரே வீச்சில் திரும்பிற்று, மறுபடி திரும்பிற்று. பெருமூச்சு விட்டார்: "பிரேயர்ல எம் புள்ளைங்க ஒருநாளும் இப்படித் திரும்புனதில்லியே!"

கூட்டேரிப்பட்டு வெயில்

கோட்டக்குப்பத்து பாய் ஒருவர், சவுதிக்குத் திரும்புமுன் மனைவிக்கு ஒரு தொட்டி வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டார். தொட்டியில் முன்கூட்டியே நீர் நிரப்பி, மீனுக்குத் தோதாகப் பழக்கியிருந்தேன். அவர் கிளம்புகிற நாள் காலையில் மெட்ராஸ் மொத்தக் கடையில் சரக்கெடுத்து, மீன் பையோடு வந்தேன். பஸ் கூட்டேரிப்பட்டில் படுத்துவிட்டது. கத்திரி வெயில். பை கைக்குச் சுட்டது.

சோடாக்கடைக்காரம்மா பார்த்தார். "இன்னா யக்கா, வேவவெச்சுக்கினு நிக்கிற?" என்று தன் பானையடி ஈரச்சாக்கை உருவிப் பையில் சுற்றினார். ஐஸும் எடுத்தார். "ஐஸ் வேணாம்மா, அதிர்ச்சியில செத்துடும்" என்று தடுத்து, சாக்கை மட்டும் நனைத்து நனைத்து வைத்திருந்து, பாண்டி பஸ் வந்ததும் ஏறினேன்.

வீட்டு வாசலில் பெட்டிகளோடு கார் தயாராக நின்றது. மீன்கள் வெளுத்துப் போயிருந்தன. "ஜல்தி ஊத்தும்மா, பேஜாரா கீது" என்றார் பாய். நான் அசையவில்லை. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகுதான் மீன்களை விட்டேன். அடியில் போய்ச் சுருண்டு கிடந்தன. லைட்டைப் போடச் சொன்னேன்.

மெல்ல நீலம் ஊறிற்று. ஒன்று மேலே எழும்பியது. அதன் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் கிளம்பிற்று. பாய் கைதட்டிச் சிரித்தார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியையே பார்த்தபடி அவரிடம் சொன்னார்: "தனியா இருந்தா வாடிப்பூடுவோம்னு இந்த மீனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலியே."

இந்தத் தொழிலில் நான் தேறியது இவ்வளவுதான்: மீனை வளர்ப்பது சுலபம், மீன் வாங்க வருகிறவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பாடு.