கதீஜா அக்காவின் இரண்டாம் பிரதி

தாம்பரம் மார்க்கெட்டில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கதீஜா அக்காவின் மகள் நூர்ஜகானின் போன் வந்தது. "அம்மா மௌத்தாயிட்டாங்க சார். காலைல, தூக்கத்துலயே." கீரையை அப்படியே விட்டுவிட்டு மாடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

கதீஜா அக்காவை உங்களில் பலர் தையல்காரராக அறிவீர்கள். சொன்ன நாளில் ஜாக்கெட் தந்த ஒரே தையல்காரர் அவர்தான் என்பாள் என் மனைவி. எனக்கு அவர் அறிமுகமானது எதிராளியாக. நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கும் கிளார்க். அவருடைய சந்து முழுவதையும் ஏரிப் புறம்போக்கு என்று குறித்து, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். எல்லா வீட்டிலும் பழைய பட்டா இருந்தது. பிழை எங்கள் அளவையில்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சந்துக்காரங்க மனுவுக்கு சீல் போடாதே. வெச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார். சீல் விழுந்துவிட்டால் மனு நிலுவையில் இருப்பதாக ஆகும். பதில் சொல்லாமல் வீட்டை இடிப்பது சிரமம். நானும் தலையாட்டினேன். சம்பளம் வாங்குகிறவனுக்குத் தலையாட்டுவது சுலபம்.

மறுநாள் அக்கா மனுவின் இரண்டு பிரதிகளோடு வந்தார். "வெச்சிட்டுப் போம்மா" என்றேன். "ரெண்டாவதுல சீல் குத்து சார், போய்க்கினே இருக்கேன்" என்றார். குத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மாலைவரை ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் தைத்தார். அடுத்த நாள் அதே சந்திலிருந்து வேறொருவர், அதே மனு, அதே பேச்சு. அதற்கடுத்த நாள் இன்னொருவர். "கும்பலா வந்தா கலாட்டான்னு கேஸ் போடுவீங்கோ. ஒத்தையா வந்தா மனுதாரர்தானே?" என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தார். எனக்கோ அன்றைக்குப் பேஜாராகிவிட்டது. நான் காய்ச்சலில் லீவு போட்ட அன்று வந்தவர், "சார உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுபடி அக்காவின் முறை வந்தது. "முடியாதுன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று கத்தினேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி சார். முடியாதுன்றத எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. அத்த எடுத்துக்கினு போறேன்."

பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அப்படி ஒரு காகிதம் வெளியே போனால் மாட்டுவது நான்தான். எழுந்து மேலதிகாரியிடம் போய், "வாங்க வேண்டாம்னு நீங்க எழுத்துல குடுத்துடுங்க சார்" என்றேன். அவரும் பேனாவை எடுத்தார், மூடிக் கீழே வைத்தார். பிறகு, "போட்டுத் தொலைய்யா" என்றார்.

சீல் விழுந்தது. மறு அளவை நடந்தது. சந்து இன்றும் இருக்கிறது. அக்காவின் ஜனாஸா அந்தச் சந்திலிருந்துதான் கிளம்பியது. அந்தச் சீலுக்காக என்னைக் கூடுவாஞ்சேரிக்குத் தூக்கியடித்தார்கள். கிளம்பும் நாளில் அக்கா பிரியாணிப் பாத்திரத்தை மேஜையில் வைத்து, "வாங்கிக்கினேன்னு சீல் குத்து சார்" என்றார். அலுவலகமே சிரித்தது. அவரை நினைத்தால் எனக்குத் துக்கத்தைவிட அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: எங்கே போனாலும் இரண்டு பிரதி. போன வாரம் நூர்ஜகானோடு அக்காவின் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் தலை நிமிராமல், "வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

நானும் நூர்ஜகானும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம். "ரெண்டாவதுல சீல் குத்தும்மா, போய்க்கினே இருக்கோம்."