காண்ட்ராக்டரின் கைக்குட்டை

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு பட்டுக் கைக்குட்டை கிடக்கிறது. என்னைப் பெற்ற அத்தாவுடையது என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அத்தாவைச் சாகடித்த காண்ட்ராக்டருடையது.

உறையூர்ப் பக்கம் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஓட்டுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார்த் தகடு போடுவது பெரிய நாகரிகமாக இருந்தது. தீப்பிடிக்காது, ஒழுகாது என்று காண்ட்ராக்டர் ஊரெல்லாம் பெருமையடிப்பார். அந்தத் தகடுகளை அளவுக்கு அறுத்துக் கொடுத்தவர் அத்தா. கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் காண்ட்ராக்டர் அத்தர் தடவிய கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொள்வார். நம் வேர்வை நாற்றம் மனுசனுக்கு ஆகவில்லை என்று அத்தா சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம், மடச் சனங்கள். உடைந்த தகடு ஒன்றைக் காண்ட்ராக்டர் இனாமாகக் கொடுத்தார். நல்ல சொரசொரப்பு என்று அம்மா அதில்தான் மீன் உரசினாள். வெள்ளைப் பொடி படிந்த அத்தாவின் சட்டையைத் தினமும் உதறிப் போட்டது நான்.

சில வருஷங்களில் அத்தாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காசம் என்று நினைத்து அம்மா அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தாள். அந்த அவமானம்தான் அவரை அதிகம் வாட்டியது. கடைசியில் உட்கார்ந்தே தொழுதார், உட்கார்ந்தே உறங்கினார், உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடியபோது காண்ட்ராக்டர் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகிறவர்கள் வீடு வீடாக வந்து, செய்த பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை. அம்மாவும் அதற்குள் இறந்திருந்தாள். வாசல் திரைக்குப் பின்னால் நான்தான் நின்றேன். அவர் அதே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்தத் தூசி நெஞ்சை அரிச்சிடும், மூக்கைக் கட்டிக்கன்னு தகடு கம்பெனி வெள்ளைக்காரத் துரை அப்பவே சொன்னாரும்மா. உங்க அத்தாகிட்ட நான் சொல்லல. சொன்னா வேலைக்கு ஆள் நிக்காது. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

நான் திரையை விலக்காமலே சொன்னேன்:

"அதைச் சொல்ல வேண்டியவர் கபர்ஸ்தான்ல இருக்காரு. அங்க போய்க் கேளுங்க."

தடுமாறி எழுந்தவர் கைக்குட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். கப்பலேறும் முன், அந்த ஒரு வார்த்தைக்காக மறுபடி ஆள் அனுப்பினார். கைக்குட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, மறுமையில் என் அத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காண்ட்ராக்டர் கையிலேயே கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். அவர் ஹாஜியாகத் திரும்பி வந்து, மாலை மரியாதையோடு வாழ்ந்து, செத்தும் போனார்.

கைக்குட்டையில் இப்போது அத்தர் வாசம் இல்லை. நான்கு படி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. அன்று உதறிய சட்டைதான் காரணம் என்கிறார் டாக்டர். மகன் பதறுகிறான். எனக்குப் பயமில்லை. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.