முதலாளி பெயரில் ஒரு மெயில்

அந்த லாரிக் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "கட்டளை" என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மௌஸைப் பிடித்துக்கொண்டு திரையில் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்து, வரி வரியாகக் கட்டளை டைப் அடித்துத்தான் மெயில் சர்வரை மேய்ப்பார். யாருக்குப் புது முகவரி, யார் யாருடைய பெயரில் மெயில் அனுப்பலாம், யார் அனுப்பக் கூடாது, எல்லாம் அவர் விரல் நுனியில். வீட்டில் கட்டளை போடுவது வேறு ஆள். "ஆபீஸ்ல போட்டதெல்லாம் போதும், போய்க் குழாயைப் பாருங்க, ஒழுகுது" என்பார் மனைவி. மனுஷன் மறுபேச்சில்லாமல் போவார்.

அவருக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அக்காதான். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. முதலாளியின் செயலாளர், ஆபீஸுக்கே அக்கா. நேர்முகத்தில் இவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து முதலாளி உதட்டைப் பிதுக்கினாராம். அக்கா விடவில்லை. "பேசுற ஆளு நம்மகிட்ட நிறைய இருக்காங்க சார். வேலை செய்யுற ஆளு ஒண்ணாவது இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேஜையில்தான். அக்கா பேசுவார், கட்டளை சாப்பிடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு நாள் காலை இடி விழுந்தது. முதலாளி பெயரில், அவருடைய முகவரியிலிருந்தே, கம்பெனி முழுவதற்கும் ஒரு மெயில். ஆற்றங்கரைக் கிளையை மூடப்போகிறோம், அங்கே இருப்பவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று. செய்தி என்னவோ உண்மைதான். ஆனால் அது அடுத்த மாதம், முதலாளி நேரில் போய்ச் சொன்ன பிறகு போகவேண்டிய கடிதம். கிளையில் டிரைவர்கள் சாவியை மேஜையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளிக்குத் தலைக்கு மேல் வெள்ளம்.

கடிதத்தின் நகல் இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒன்று அக்காவிடம், இன்னொன்று கணக்கரிடம். முதலாளி இருவரையும் அறைக்குள் நிற்கவைத்து, கட்டளையையும் கூப்பிட்டார்.

"என் பேர்ல மெயில் அனுப்புற அனுமதி யாருக்கு இருக்கு? இப்பவே பாரு. என் கண்ணு முன்னாடி பாரு."

கட்டளை மடிக்கணினியைத் திறந்தார். மேல் அம்பு விசையைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளை தானாக வந்து நிற்கும். புதிதாக எதற்கு அடிக்க வேண்டும்? தட்டினார். வழக்கமான வரி வந்தது. அதன் கடைசியில் அவரே எப்போதோ சேர்த்துவைத்த ஒரு துண்டும் இருந்தது: ஆட்களை மட்டும் காட்டு, மற்றதை விடு. அந்த மற்றதில் சர்வரின் சொந்தச் சமாசாரங்கள் பக்கம் பக்கமாக வரும், எரிச்சல். அதனால் வெட்டிவிடுவது அவர் பழக்கம். அனுப்பியது யார் என்று குறித்துவைக்கும் வசதியையும் இடத்தை அடைக்கிறது என்று முன்பே அணைத்திருந்தார். ஆகவே இந்த ஒரு வரிதான் சாட்சி.

திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. அக்காவின் பெயர்.

"நான் அனுப்பலப்பா" என்றார் அக்கா. முதலாளியிடம் அல்ல, கட்டளையைப் பார்த்துச் சொன்னார்.

கட்டளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இது பொய் சொல்லாதுக்கா" என்றார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். வாழ்நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன், திறக்கவே கூடாத இடமாகப் பார்த்துத்தானா திறக்க வேண்டும்! அக்கா கைப்பையையும் நாற்காலியில் கிடந்த கம்பளிச் சால்வையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சாயங்காலமே அவருடைய மெயில் பெட்டியை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அழித்ததும் கட்டளைதான்.

மத்தியானங்களில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கணக்கர் ஒருமுறை அதில் வந்து உட்காரப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்து புது சர்வர் வந்தது. பழையதில் இருக்கும் அனுமதிகளையெல்லாம் ஒன்று விடாமல் புதியதற்கு மாற்ற வேண்டும். அதனால் 'ஆட்களை மட்டும்' என்ற அந்த வால் துண்டை வெட்டிவிட்டு, முதலாளியின் பெட்டிக்கு மீதி வரியை மட்டும் அடித்தார் கட்டளை. குப்பையோடு குப்பையாக ஒரு வரி வந்தது: மாநாட்டுக் குழு.

அது ஆள் இல்லை, குழு. ஆட்களை மட்டும் காட்டு என்றால் அது எப்படி வரும்? சில வருடம் முன்பு கம்பெனி நடத்திய மாநாட்டுக்கு அழைப்பு அனுப்ப, நாலைந்து பேரைக் குழுவாகச் சேர்த்து, முதலாளி பெயரில் அனுப்பும் அனுமதியைக் குழுவுக்குக் கொடுத்தது இவரேதான். குழுவுக்குள் இருப்பவர்களைப் பார்த்தார். அழைப்பு வேலை பார்த்த பழைய பெயர்கள். நடுவில் கணக்கர்.

இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது. மாநாடு முடிந்த மறுநாளே சாப்பாட்டு மேஜையில் அக்கா சொல்லியிருந்தார். "தம்பி, அந்தக் குழுவை எடுத்துடு. ஊர்ப்பட்ட பேரு அவர் பேர்ல அனுப்பிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு?" கட்டளை வாயில் சோற்றோடு தலையாட்டினார். ஆட்டியதோடு சரி.

கணக்கரைத் தனியாகப் பிடித்தார். கணக்கர் மறுக்கவில்லை, பாவம், உட்கார்ந்துவிட்டார். கடிதத்தை முதலாளிக்குக் காட்டத்தான் அனுப்பினாராம். பெறுநர் இடத்தில் முதல் எழுத்தை அடித்ததும் கம்பெனி முழுவதற்குமான முகவரி வந்து உட்கார்ந்துவிட்டது. அனுப்புநர் இடத்தில் மாநாட்டுக் காலத்து வழக்கப்படி முதலாளி பெயர்.

"அப்ப ஏன்யா அன்னைக்கு வாயைத் திறக்கல?"

"பயம் சார். ரெண்டு பொண்ணு இருக்கு. அதோட நீங்க திரையில அக்கா பேரை மட்டும் காட்டுனீங்களா, ஒரு நிமிஷம் நானே நான் அனுப்பலன்னு நம்பிட்டேன்."

திட்டலாம் என்று வாயெடுத்த கட்டளை முதலாளி அறைப் பக்கம் திரும்பினார். இந்த ஆளாவது பயந்தவன். தனக்கு என்ன கேடு?

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா. அந்தம்மா மேல அநியாயமாப் பழி போட்டுட்டமே. எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் போட்டுடு. நீயே எழுதி என் பேர்ல அனுப்பு. அந்த வித்தைதான் உனக்குத் தெரியுமே."

கட்டளை குழுவை நீக்கினார். தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டார், வால் இல்லாத கட்டளையால் சரிபார்த்தார், எழுதினார். அக்கா பேரில் எந்தத் தவறும் இல்லை, நிர்வாகம் வருந்துகிறது என்று. கம்பெனி முகவரிக்கு முன்னால் அக்காவின் முகவரியையும் கை தானாகச் சேர்த்தது. அனுப்பிய மறுகணம் ஒரு மெயில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இங்கே இல்லையாம். இல்லைதான். அழித்தவருக்குத் தெரியாதா?

மன்னிப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு தேடிப் போனார். அக்கா ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். அதே சால்வை. கட்டளை வரிசையில் நின்று, முறை வந்ததும் காகிதத்தை நீட்டினார். அக்கா நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான்க்கா."

"நினைச்சேன். அவருக்கு இவ்வளவு பணிவு ஏது?" லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கட்டளைக்கு உயிர் வந்தது. "திரும்ப வாங்கக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

அக்கா காகிதத்தை மடித்து அவர் பக்கமே தள்ளினார்.

"அன்னைக்கு அவர் என்னைத் திருடின்னு சொல்லலப்பா. கேள்விதான் கேட்டார். இது பொய் சொல்லாதுன்னு சொன்னது நீ." குரலில் கோபம்கூட இல்லை. "மன்னிப்பு மட்டும் அவர் பேர்லயா?"

பின்னால் நின்றவர் மருந்துச் சீட்டை நீட்டினார், அக்கா வாங்கிக்கொண்டார். கட்டளை காகிதத்தை எடுத்துக்கொண்டு வழிவிட்டு நின்றார்.