அண்ணன் காரை மலைக்குக் கொடுத்தது

என் அண்ணன் அந்தக் காரில்தான் செத்துப்போனார். ஓட்டியவன் நான். நெஞ்சு வலிக்கிறது என்றவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து, கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கு விரட்டினேன். சின்னசேலம் நெருங்கும்போது, "குளுருதுடா, ஏசியக் கம்மி பண்ணு" என்றார். வெளிநாட்டுக் கார். எது எதற்கென்று தெரியாத அத்தனை பொத்தான்கள். ஒன்றை அமுக்கினேன், வைப்பர் ஆடியது. இன்னொன்றை அமுக்கினேன், டிக்கி திறந்துகொண்டது. வெட்டவெயிலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு, டிக்கியை ஆவென்று திறந்துபோட்டுக்கொண்டு போன காரைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஒருவழியாகச் சரியான பொத்தானைக் கண்டுபிடித்து, "இப்ப பரவால்லியாண்ணா?" என்று திரும்பினேன். பதில் சொல்ல ஆள் இல்லை.

பிறகு அந்தக் காரை யாரும் வாங்கவில்லை. விலை கேட்டு வந்தவர்கள்கூட இன்ஜினைப் பார்க்காமல் பின் சீட்டைத்தான் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கல்வராயன் மலைமேல் வைத்தியம் பார்க்கும் ஓர் அறக்கட்டளைக்கு, நோயாளிகளைக் கீழே இறக்க, அதைத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று அண்ணி முடிவு பண்ணினார்.

"ஒரு உசுரையாவது இந்த வண்டி உசுரோட கொண்டுபோய் சேக்கட்டும். அதுக்கப்புறம்தான் எனக்கு அது காரு."

நான்தான் மலைக்கு ஓட்டிப்போனேன். உள்ளே இருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டிருந்தேன். பின்னால் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லை என்பதைப் பார்த்து உறுதிசெய்யத்தான் தைரியம் இல்லை.

அறக்கட்டளையின் நர்ஸம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். "பெரிய வண்டி வருதுன்னுட்டு காலையிலதான் ஜீப்ப டிரைவரோட ரிப்பேருக்கு அனுப்புனோம் சார்" என்றார் சந்தோஷமாக.

கற்பூரம் அணைவதற்குள், கம்பில் தூளி கட்டி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புளி உலுக்க மரம் ஏறியவர், விழுந்துவிட்டார். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வயிறு மட்டும் கல்லாக இருந்தது.

"உள்ள ரத்தம் கசியுது. ஒடனே கீழ எறக்கணும். நீங்கதான் சார் ஓட்டணும்" என்றார் நர்ஸம்மா.

என் கைராசியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

அங்கே ஒருவரை ஆஸ்பத்திரிக்கு இறக்கினால் பாதிக் குடும்பம் கூடவே இறங்கும். விட்டுவிட்டு நிற்பது சொந்தத்துக்கு அழகில்லை. பின்னால் அவர் தலையை மடியில் வைத்து அவர் பெண்சாதி, காலடியில் அண்ணன் தம்பிகள், மாமியார். முன்னால் ஒரு சித்தப்பா, அவர் மடியில் சோற்றுக் குண்டான். நர்ஸம்மாவுக்கே இடமில்லை. "ரெண்டு பேராவது எறங்குங்க" என்று அவர் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

கார் உட்கார்ந்துவிட்டது. மழையில் அரித்த முதல் பள்ளத்திலேயே அடிவயிறு கல்லில் தேய்ந்தது. "எறங்குங்க!" என்று கத்தினேன். இறங்கினார்கள். பள்ளம் தாண்டி, "ஏறுங்க!" அடுத்த பள்ளத்தில் மறுபடி, "எறங்குங்க!" டவுன் பஸ் கண்டக்டர் தோற்றான்.

"இன்னா சார், காரு இவ்ளோ பெருசு, காலு இவ்ளோ குட்டையா?" என்றார் சித்தப்பா.

ஜீப் இருந்தால் நிற்காமல் இறங்கியிருக்கும். எல்லோருக்கும் அது தெரிந்தது.

"குளுருது" என்றார் பின்னாலிருந்தவர்.

என் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. வைப்பர் ஆடியது.

"மழ எங்க சார் பெய்யுது?" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் உறைத்தது. ஏசியை நான் போடவே இல்லை.

கண்ணாடியைக் கீழே திருப்பினேன். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை விட்டால் போய்விடுவார் என்று பயந்து, "எவ்ளோ புளி ஒலுக்குன?" என்று கத்தினேன்.

"பாதி மரம்."

"மீதிய யாரு ஒலுக்குறது? நானா? எனக்கு ஸ்டூல் மேல ஏறுனாலே தல சுத்தும். தூங்காதய்யா!"

அவர் பெண்சாதி அழுதுகொண்டே சிரித்தார். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவருக்கு மூச்சு இருந்தது. அண்ணிக்குப் போன் போட்டு, "உசுரோட சேத்துட்டேன் அண்ணி" என்றேன். எதிர்முனையில் அழுகை.

பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார். நான் மறுபடி போன் செய்யவில்லை. அண்ணியே கூப்பிட்டார்.

"எப்டி இருக்காரு?"

"சேக்கும்போது உசுரோடதான் அண்ணி இருந்தாரு."

அண்ணி மூக்கை உறிஞ்சினார். பிறகு, "சரி. அவங்கள வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டு வா" என்றார்.

மறுநாள் மதியம் அறுத்துத் தைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். குழி வெட்டவும் சொல்லியனுப்பவும் மற்றவர்கள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார்கள். காரில் சித்தப்பாவும் இறந்தவரின் பெண்சாதியும்தான். தலை அதே மடியில். முதல் பள்ளம் வந்ததும் சித்தப்பா பழக்கத்தில் கதவைத் திறக்கப்போனார்.

"ஒக்காருங்க. இடிக்காது" என்றேன். இடிக்கவில்லை.

கண்ணாடியில் அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ண்ணா, அந்தக் குளுரு காத்தக் கொஞ்சம் ஜாஸ்தி வையிங்க. வூடு போய் சேர்ற வரிக்கும் தாங்கணும்."

ஒரே அமுக்கில் கிடைத்தது பொத்தான்.