அக்காவை வெட்டி எடுத்த பாட்டு

2008-ஆம் வருடம். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான், அக்கா, அத்தை மூன்று பேர். அம்மா இல்லாத எங்கள் இரண்டு பேரையும் வளர்த்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குக் கூட்டி வந்தவள் அத்தைதான். அக்கா செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க்கறை பார்த்து ஒதுக்குகிற வேலை.

அத்தை சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுவாள். எங்கள் தெருவில் தெற்கத்திக் குடும்பங்கள் நிறைய. எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரின் பெயரைச் சொல்லி, அவர் பார்த்த வேலை, பட்ட பாடு எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவாள். ராகம் மட்டும் ஒன்றுதான். அது அவளுடைய அம்மா பாடியது, அதற்கும் முன்னால் யார் பாடியதோ தெரியாது.

இதைக் கேள்விப்பட்டு ஒரு பேராசிரியர் வந்தார். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். சோழர் காலத்தில் கோயிலில் பாடிய பண்களையெல்லாம் அந்தக் காலத்து வாத்தியங்களோடு மறுபடி மேடை ஏற்றப்போகிறார்களாம். கோயில் சிற்பத்தைப் பார்த்து, திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்குகிற ஒருவர் அளவு போட்டுக் கொடுக்க, பலா மரத்தில் யாழே செய்துவிட்டார்களாம். ஆனால் பண் எப்படி இழைந்தது என்பதற்கு ஏடு எதுவும் உதவவில்லை. அது தெற்கத்திப் பெண்களின் ஒப்பாரியில் அப்படியே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். அத்தையைப் பாடச் சொன்னார்.

"சாவு விழாம வீட்டுல சும்மா பாடப்பிடாதுய்யா" என்றாள் அத்தை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க" என்றார். அன்றைக்கு நானும் அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எந்தச் சாவுக்கு இந்த மனிதர் காத்திருக்கிறாரோ என்று அக்காதான் கிண்டலடித்தாள். சிரிக்கும்போதே இருமினாள். அந்த இருமல் அவளுக்கு ரொம்ப நாளாக இருந்தது. லீவு கேட்டால், ஷிப்மென்ட் முடியட்டும் என்பார்கள். ஒரு ஷிப்மென்ட் முடிந்தால் அடுத்தது வந்துவிடும். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நெஞ்சு முழுக்க நீர் கோத்திருந்தது. அங்கிருந்து அவளைத் தூக்கித்தான் கொண்டுவந்தோம்.

அந்தக் கார்டைப் பார்த்து லைன் வீட்டுக்காரர் போன் போட்டிருக்கிறார். பேராசிரியர் ஒரு மாலையோடும் ரெக்கார்டரோடும் வந்து, செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார். அத்தை அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினாள். ஆறு, அல்லி, அந்தி வெயில் என்று பழைய வரிகளில் தொடங்கி, அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்து, அவளிடமே வந்து நின்றாள்.

"ஊரான் உடுத்தும் பனியனிலே ஊசி ஓட்டை கண்டவளே, உன் நெஞ்சு விட்ட ஓட்டையத்தான் ஒருநாளும் பாக்கலையே..."

அதுவரை அழாமல் கல்லாக உட்கார்ந்திருந்த நான் அந்த வரியில்தான் உடைந்தேன். அக்காவோடு வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள்.

பாட்டு முடிந்ததும் பேராசிரியர் குனிந்து அத்தையிடம் வந்தார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கரண்டு போயி பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டர் சத்தத்துல சரியா பதிவாகலீங்க. சிரமம் பாக்காம இன்னொருக்கா பாடுனீங்கன்னா புண்ணியமா போகுமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதட்டிக் கேட்டிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுந்து, வெளியே போங்கள் என்று கத்தினேன். அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுட்டி. இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து இவள ஏ செக்கிங்கு, ஏ செக்கிங்குன்னுதான கூப்பிட்டானுவ? மேடையிலயாச்சும் இவ பேரு கேக்கட்டும்."

"கட்டாயமுங்கம்மா. உங்க பாட்டு மேடையில வருமுங்க" என்றார் அவர்.

அத்தை மறுபடி பாடினாள். பெற்ற பிள்ளைபோல வளர்த்த பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை ஒப்பாரி வைத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி. அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் லைனில் இருந்த பெண்களும், அக்காவோடு செக்கிங் டேபிளில் நின்றவர்களும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். யாழ் வாசித்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், கேட்கும்போது புல்லரித்தது. அந்த மரத்துக்குள்ளிருந்து எங்கள் அத்தையின் குரலே நரம்பாக வந்த மாதிரி இருந்தது. பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் பாடினாள். ஆறு வந்தது. அல்லி வந்தது. அந்தி வெயிலும் வந்தது. நாங்கள் எல்லோரும் சேலைத் தலைப்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பாட்டு முடிந்துவிட்டது. மண்டபமே எழுந்து கை தட்டியது.

அத்தை கைதட்டலுக்கு நடுவே என் பக்கம் திரும்பி, "அவ எங்கட்டி? அவ வரவே இல்லையே?" என்று கேட்டாள்.

அதற்குள் மைக்கில், இந்தப் பண்ணிசையைக் காத்த தாயே மேடைக்கு வருக என்று அழைத்தார்கள். அத்தை அசையவில்லை. பேராசிரியரே பொன்னாடையோடு இறங்கி வந்தார். நான் வழியை மறித்தேன். எங்கள் அக்கா எங்கே என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரொம்பப் பொறுமையாக விளக்கினார்.

"அதெல்லாம் பிற்காலத்துல சேர்ந்த வரிங்க. பனியன், ஊசின்னு வருது பாருங்க. அதை எடுத்தாத்தானுங்க பழைய வடிவம் துலங்கும்."

"பிற்காலம்தான் சார். எங்க அக்கா ஆவணியிலதான் செத்தா" என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவர் முகம் வெளுத்தது. அடுத்த நிகழ்ச்சியில் சேர்த்துவிடலாம் என்று ஏதோ சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பனியன் கம்பெனி முதலாளிகளுக்குப் பயந்து வெட்டியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். காசு கொடுத்தவனைப் பகைக்க முடியவில்லை என்று நினைத்துக் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். இவர் வெட்டியது அவள் பழையவள் இல்லை என்பதற்காக. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செத்திருந்தால் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போயிட்டு வாங்கம்மா" என்று பேராசிரியர் பின்னாலேயே வந்து கும்பிட்டார். யார் வழியனுப்பினாலும் வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பாதவள் என் அத்தை. அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே போகாமல் நின்றுவிட்டாள். ஒரு வாளி தண்ணீர் கொண்டு வா என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா குளிக்காம உள்ள வரலாமாட்டி?"

கட்டிய நல்ல சேலையோடு அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டாள். எனக்கும் ஊற்றினாள்.

அந்தப் பேராசிரியரின் நிகழ்ச்சி பிறகு பல ஊர்களில் நடந்ததாகக் கேள்வி. அக்காவைச் சேர்த்தார்களா என்று நான் போய்க் கேட்கவில்லை. எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். வீட்டில் சும்மா பாடக்கூடாது என்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் பழம்பெருமை பேசுகிற ஒரு மேடையைப் பார்த்துவிட்டு வருகிற நாளிலெல்லாம், அடுப்படியில் நின்று, அக்காவின் பெயரைச் சொல்லியே பாடுகிறேன்.