சங்கல்பத்தில் நாலு பேர்

ஏற்றுமதிச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். இருபத்தாறு வருஷமாக அங்கே கடைசி மேஜையில் நிற்கிறாள். தைத்து, துவைத்து, தேய்த்து வருகிற ஒவ்வொரு சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். கறை, கிழிசல் மாதிரி இருக்கிற தப்பை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். இல்லாததைப் பார்ப்பதுதான் வேலை. உள்மடிப்பில் தைத்திருக்க வேண்டிய உபரிப் பொத்தான் இருக்காது. காலருக்கு அடியில் ஒரு தையல் ஓடியிருக்காது. அவளுக்கு அது சட்டையை விரித்ததுமே தெரிந்துவிடும்.

"பூதக்கண்ணாடி வருது, அவங்கவங்க பொத்தானை எண்ணி வச்சுக்குங்க" என்று தையல் வரிசையில் யாராவது குரல் கொடுப்பார்கள்.

"உன் தாலிக்கயித்துல ஒரு முடிச்சைக் காணோம்டி, போய்ப் பாரு" என்பாள் அவள்.

அவளுக்குத் தாலி இல்லை. கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் போகிற வீட்டில் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது என்று யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நட்சத்திரம் என்ன என்று கேட்பார்கள். சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். அண்ணனே இல்லாத மாப்பிள்ளை ஒருவன் வந்தான். அவனுக்குப் பெரியப்பா மகன் ஒருவன் இருந்தான், அவனும் அண்ணன்தானே என்றார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வரன் பார்ப்பதற்கும் ஆளில்லை. தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவள் வேலைக்குப் போனாள், அவன் படித்தான்.

அவனுக்கு வேலை கிடைத்த மாதம் வீட்டில் பௌர்ணமி பூசை ஆரம்பித்தாள். அது அவளுடைய வேண்டுதல். முதல் பூசையன்று புரோகிதர், சங்கல்பம் யாரை வைத்துத் தொடங்குவது என்று கேட்டார். இன்னார் குடும்பத்துக்காக இந்தப் பூசை என்று தெய்வத்திடம் சொல்லிக்கொள்கிற இடம் அது.

"அக்காதான் சாமி. அக்காவுக்கு அப்புறம்தான் நான்" என்றான் தம்பி. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அந்தப் புரோகிதர் பேர்களைச் சொல்ல மாட்டார். "பேரெல்லாம் அவனுக்குத் தெரியும்மா. நட்சத்திரம்தான் அட்ரஸ். அட்ரஸ் சொன்னா போய்ச் சேர்ந்துரும்" என்பார். நட்சத்திரங்களையும் நமக்குப் புரிகிற பெயரில்தான் சொல்லுவார். கேட்டை, திருவோணம். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் ரோகிணி சேர்ந்தது. மகள் பிறந்ததும் பூரம். பதினெட்டு வருஷமாக மாதத்தில் ஒரு நாள், அவளுடைய நட்சத்திரத்தை ஒருவர் சத்தமாக, முதலில், முகம் மாறாமல் சொன்னார். வேறெங்கும் அப்படிக் கேட்டதில்லை.

இந்த மாதப் பூசை இந்த வீட்டில் கடைசி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தம்பி புது வீடு கட்டியிருந்தான். அவள் இன்னும் பார்க்கவில்லை. "படிக்குக் கைப்பிடி வைக்கலக்கா, விழுந்து தொலைக்காதே" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். பூசையறை இருக்கிறதாம். "உன் குத்துவிளக்கு நிக்கிற உயரத்துக்குத்தான் அலமாரி போடச் சொல்லியிருக்கேன்" என்றான். அவள் தொழிற்சாலையிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து விளக்கை இரண்டு முறை அளந்து சொன்னாள். தம்பி மகள் பாப்பா அவள் பக்கத்தில்தான் பதினாலு வருஷமாகப் படுக்கிறாள். போன வாரம் திடீரென்று, "அத்தை, உன் பழைய போர்வையை நான் வச்சுக்கவா?" என்றாள். "வச்சுக்கயேன். ரெண்டு பேரும் அதுக்குள்ளதானே சுருண்டு கிடக்கப்போறோம்" என்றாள் இவள். பாப்பா போர்வையை மடித்தாள்.

பூசையன்று மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்கு மாற்றி வாங்கியிருந்தாள். கூடத்தில் கட்டிவைத்த அட்டைப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணினாள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்தாள். குடத்தில் தண்ணீர் நிரப்பி மாவிலை செருகினாள். மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்ததில் புரோகிதருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, பையிலிருந்து கைப்பேசியை எடுத்து வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்தார்.

"நோட்டு எங்கே சாமி?"

"அது கிழிஞ்சு போச்சும்மா. எல்லா வீட்டு லிஸ்டும் இப்ப இதுலதான். கண்ணு தெரியலேன்னா பெருசாக்கிக்கலாம். நோட்டைப் பெருசாக்க முடியுமா?"

வழக்கம்போல அவள்தான் பலகையில் உட்கார்ந்தாள். தம்பியும் அவன் மனைவியும் பின்னால் நின்றார்கள். பாப்பா மணியை வைத்துக்கொண்டாள். பலகையில் இருந்தவள் இடது உள்ளங்கையில் மஞ்சள் அரிசியை வாங்கி, வலது கையால் மூடி, தொடைமேல் வைத்துக்கொண்டாள். புரோகிதர் தொடங்கினார். வருஷம், மாதம், திதி, கிழமை. பிறகு கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்.

"திருவோண நட்சத்திரம்."

கேட்டையை விட்டுவிட்டார், திரும்பி வந்து சொல்வார் என்று நினைத்தாள்.

"ரோகிணி நட்சத்திரம். பூர நட்சத்திரம்."

இப்போது சொல்வார். தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அனுஷ நட்சத்திரம்" என்றார் புரோகிதர். "சஹகுடும்பானாம்" என்று மேலே போய்விட்டார்.

நாலு பேர். எண்ணிக்கை சரி. பின்னால் யாரும் அசையவில்லை. ஏழு பொத்தான் இருக்க வேண்டிய சட்டையில் ஏழு பொத்தானும் இருக்கும், ஒன்று மட்டும் வேறு சட்டையுடையதாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அனுஷம் யார் என்று அவளுக்குத் தெரியும். தம்பியின் மாமியார். அந்த அம்மாள் இங்கே வந்து தங்கும்போதெல்லாம் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தவள் இவள்தான்.

"அரிசியைத் தண்ணியோட கீழ விடுங்கம்மா" என்றார் புரோகிதர். அவள் தண்ணீரை மட்டும் விட்டாள். அரிசி மூடிய இடது கைக்குள்ளேயே இருந்தது. அவர் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

நூற்றெட்டு நாமத்துக்கும் வலது கையால் பூப் போட்டாள். பார்வை பெட்டிகள் மேல் போயிற்று. தம்பி மனைவி கறுப்பு மார்க்கரால் ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தாள். புது வீட்டில் எந்த அறையில் இறக்க வேண்டும் என்று வண்டிக்காரனுக்குத் தெரிவதற்காக. சமையலறை - கண்ணாடி. ஹால். பாப்பா ரூம். கீழ் ரூம். பூசையறை. கதவோரம் தனியாக இரண்டு பெட்டி, இவளுடைய புடவையும் சாமானும். அவற்றின் மேல் 'அண்ணி' என்று மட்டும் இருந்தது. அறை இல்லை. ஒரு வாரமாக அவற்றைத் தாண்டித்தான் குளிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

கற்பூரம் காட்டி முடிந்தது. தம்பி மனைவி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். புரோகிதர் ஆற்றிக் குடித்தார்.

"சாமி, இன்னிக்கு நட்சத்திரமெல்லாம் எதைப் பார்த்துச் சொன்னீங்க?"

"தம்பி அனுப்பினதைப் பார்த்துத்தாம்மா. ஏன்?"

"எப்ப அனுப்பினான்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கினார். "போன செவ்வாய்க்கிழமை. புது வீட்டுப் பூசைக்கு..." நிறுத்தினார். "அடடா. இது அடுத்த மாசத்துக்குள்ளது. நான்தான் மாத்தி எடுத்துட்டேன். எனக்கெல்லாம் எதுக்கு இந்தக் கருமம்."

"பழைய நோட்டே தேவலை சாமி" என்று தம்பி சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை.

"புது வீட்டு லிஸ்ட்ல நான் இல்லையாடா?"

"அக்கா, அது ஏதோ அவசரத்துல எழுதினது. கடைசில சஹகுடும்பானாம்னு சொல்றாருல்ல. அதுல எல்லாரும் அடக்கம்கா."

"அப்ப உன் மாமியாரும் அதுலயே அடங்கியிருக்கலாமே."

புரோகிதர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்கு மென்னு முழுங்கறீங்க?" என்றாள் தம்பி மனைவி. "நேத்தே சொல்லிடறேன்னீங்க. முந்தாநேத்தும் அதையேதான் சொன்னீங்க."

தம்பி தரையைப் பார்த்துப் பேசினான். "உன் ஃபேக்டரிக்குப் பின்னாடியே லேடீஸ் ஹாஸ்டல் இருக்குல்லக்கா. ரெண்டு நிமிஷத்துல நடந்து போயிரலாம். புது வீட்லேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். இந்த வயசுல உனக்கு எதுக்கு அந்த அலைச்சல்? எல்லாம் உனக்காகத்தான் பார்த்தேன்."

"எனக்காகப் பார்த்ததை எனக்குச் சொல்லலாம்ல."

"சொல்லணும்னுதான் இருந்தேன். பூசை முடியட்டும்னு..."

"பூசை முடிஞ்சுது."

"ஞாயித்துக்கிழமையானா நம்ம வீட்டுக்கு வந்துரு. பாப்பாவே வந்து கூட்டிட்டுப் போவா."

"அம்மாவுக்கு முழங்கால் மடங்கலை அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "கீழ இருக்கறது ஒரே ரூம். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவள் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா மணியின் நாக்கைச் சத்தம் வராமல் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னாங்க அத்தை."

போர்வை இப்போது விளங்கியது. தம்பி சொன்னதுகூட எங்கோ வெளியில் நின்றது. இது நேராக உள்ளே போனது.

"விளக்கையும் மணியையும் என் பெட்டில வச்சுடு" என்றாள் அவள்.

"ஹாஸ்டல் ரூம்ல விளக்கு ஏத்த விட மாட்டாங்க அண்ணி."

"அதுவரைக்கும் கேட்டாச்சா?"

தம்பி மனைவி காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

புரோகிதர்தான் எழுந்தார். "அம்மா, ஒரு குறையும் வராது. விளக்கு எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. விட்டுப்போன நட்சத்திரத்தை இப்பச் சேர்த்துச் சொல்லிடறேன். வாங்க, உட்காருங்க."

"ஆமா சாமி, சொல்லிடுங்க. நல்லா சத்தமாவே சொல்லுங்க" என்றான் தம்பி. அவன் குரலில் ஒரு அவசரம் இருந்தது, பஸ் கிளம்புவதற்குள் சாமானை ஏற்றிவிட வேண்டும் என்பதைப் போல.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கால்கள் தாமாக மடங்கிவிட்டன. புரோகிதர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"கேட்டை நட்சத்திரம்."

அது மட்டும் தனியாகக் கூடத்தில் நின்றது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையை விடுங்கம்மா" என்றார் புரோகிதர்.

மூடிய கையைத் திறந்தாள். வியர்வையில் ஊறிய அரிசி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கவிழ்த்தாலும் விழவில்லை. விரலால் வழித்து உதற வேண்டியிருந்தது.

இரண்டு மணிக்கு மேஜைக்கு வந்துவிட்டாள். பின் ஜன்னலுக்கு வெளியே ஹாஸ்டலின் பின்சுவர். இரண்டாம் மாடிக் கம்பியில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறாள்.

"என்னக்கா, பூசையில எங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டீங்களா?" என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

"சஹகுடும்பானாம்."

"அப்படின்னா?"

"எல்லாரும் அடக்கம்னு அர்த்தம்."

"அதானே பார்த்தேன். அக்கா நம்மளை விட்டுருவாங்களா?"

சட்டைகள் வந்தன. எல்லாம் வெள்ளை. விரித்து, காலரைத் திருப்பி, கையை உள்ளே விட்டுப் பார்த்து, மடித்து வைத்தாள். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ சட்டையைத் திருப்பும்போது மார்புப் பக்கத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் தெரிந்தது. முன்பு அது அங்கே இல்லை. இடது கையைப் பார்த்தாள். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் ரேகைகளில் மஞ்சள் தங்கியிருந்தது.

மடித்து வைத்த சட்டைகளைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாக விரித்தாள். எட்டில் இருந்தது. எட்டையும் கழித்த சட்டைகளின் கூடையில் போட்டாள். சீட்டில் குறை என்ற கட்டத்தில் கறை என்று எழுதினாள். யாரால் என்று அடுத்த கட்டம். அதில் தையல்காரர்களின் எண்ணை எழுதித்தான் பழக்கம். பேனா சற்று நின்றது. தன் எண் என்ன என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்து எழுதினாள்.